யார் கைப் பதினாறு

நான் கோபக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பெயர் உண்டு. பெயர் சரிதான். ஆனால் என் வாழ்நாளில் நான் அதிகமாகக் கோபப்பட்டது மாணவிகள் மேல் அல்ல. மூன்று நோட்ரம்ப் என்று ஒரு சீட்டாட்டத்தில் நான் கேட்ட ஒரு கேள்வியின் பேரில். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் சமஸ்தானக் காலத்துக் கிளப் ஒன்று அப்படியே இருந்தது. சாயங்காலம் அதிகாரிகளும் வக்கீல்களும் டாக்டர்களும் டென்னிஸ் ஆடுவார்கள். வெளிச்சம் குறைந்ததும் உள்ளே வந்து பிரிட்ஜ் ஆடுவார்கள். சனிக்கிழமை மட்டும் குடும்பத்தோடு வரலாம் என்று ஒரு சலுகை. அதற்கு அர்த்தம், மனைவிமார்கள் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சை சர்பத் குடிக்கலாம் என்பது. என் வீட்டுக்காரர் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தார். அந்த முறையில் அங்கே உறுப்பினர். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சென்னையில் படிக்கும்போது ஹாஸ்டல் வார்டனுக்கு ஆட்டத்துக்கு நாலாவது ஆள் தேவைப்பட்டதால் பிரிட்ஜ் கற்றுக்கொண்டவள்.

ஒரு சனிக்கிழமை அங்கேயும் நாலாவது ஆள் குறைந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அன்று நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, கிளப் தலைவராக இருந்த பெரிய அதிகாரி, தம்முடைய ஜோடி சேலத்துக்கு மாற்றலாகிப் போனதும் என்னையே ஜோடியாக வைத்துக்கொண்டார். அவர் என் வீட்டுக்காரருக்கும் மேலதிகாரி. ஆறு மாதம் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆடினேன். ஆடி மாதம் திருச்சி கிளப்போடு ஒரு போட்டி இருந்தது. நாலு பேர் போக வேண்டும். அந்த நாலில் நான் ஒருத்தி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் நான் யாருக்கோ யாரோ. அந்த மேஜையில் மட்டும் பதின்மூன்று சீட்டும் என் மூளையும்தான் நான்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. சீட்டைக் காட்டாமல், மொத்தம் பதின்மூன்று பிடியில் இத்தனை பிடி பிடிப்போம் என்று முறை வைத்துக் கேட்க வேண்டும். ஆஸ் நாலு பாயிண்ட், ராஜா மூன்று, ராணி இரண்டு, ஜாக்கி ஒன்று. ஒருவர் ‘ஒரு நோட்ரம்ப்’, அதாவது துருப்பு இல்லாமல் ஏழு பிடி என்று கேட்டால், தம் கையில் பதினாறிலிருந்து பதினெட்டு பாயிண்ட் இருக்கிறது, நாலு ஜாதியும் ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று ஜோடிக்குச் சொல்வதாக அர்த்தம். இரண்டு கையும் சேர்ந்து இருபத்தைந்து இருந்தால் மூன்று நோட்ரம்ப் கேட்கலாம். அதாவது ஒன்பது பிடி. கிடைத்தால் லாபம் பெரிது, தவறினால் நஷ்டம் சிறிது. பத்து முறையில் நாலைந்து முறை கிடைக்கும் என்றாலே துணிந்து கேட்கலாம்.

அன்று பெரிய அதிகாரி ஒரு நோட்ரம்ப் என்றார். என் கையில் இஸ்பேட் ராஜா. டைமனில் ஆஸும் ராணியும் சேர்த்து ஐந்து சீட்டு. மொத்தம் ஒன்பது பாயிண்ட். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. நீண்ட டைமன் வேறு இருக்கிறது. மூன்று நோட்ரம்ப் என்றேன்.

ஆட்டத்தை முதலில் கேட்டவர் ஆட வேண்டும். அவருடைய ஜோடி சீட்டை மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்; அவருக்குப் பெயர் டம்மி. டம்மியாகும் ஆண்கள் எழுந்து சிகரெட் பிடிக்கப் போவார்கள். நான் டம்மியானால் காப்பியைக் கவனிக்கப் போக வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. முதல் நாள் யாரோ ‘டீச்சரம்மா, காப்பி என்னாச்சுன்னு பாருங்களேன்’ என்றார்கள், நான் போனேன், அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் நாளே போகாமல் இருந்திருக்க வேண்டும். என் புத்தியைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

காப்பித் தட்டோடு திரும்பி வந்தால், ஆட்டம் முடிந்து சீட்டெல்லாம் கலைந்து கிடந்தது. தோற்றவுடன் சீட்டை ஒன்றாக வாரிக் கலைத்துவிடுவது பெரிய அதிகாரியின் பழக்கம்.

“ரெண்டு பிடி குறைஞ்சு போச்சு,” என்றார். “ஒம்பது பாயிண்ட்டை வச்சுக்கிட்டு மூணு நோட்ரம்ப்பா? டீச்சரம்மா, இது பள்ளிக்கூடத்துல மார்க் போடுற வேலை இல்ல. பொம்பளைங்க கடைக்குப் போனா கையில இருக்கிறதைப் பார்க்காம ஆசைப்படுற மாதிரியே ஆடுறீங்க.”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளப் செயலாளராக இருந்த வக்கீலும் சிரித்தார். என் வீட்டுக்காரர் பக்கத்து மேஜையில் தம் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து டம்ளரையும் அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

“விடு, சீட்டாட்டம்தானே,” என்றார் வீட்டுக்காரர், வீடு திரும்பும்போது.

“நான் கேட்டது சரியா தப்பா? அதைச் சொல்லுங்க.”

“ஒரு ஆட்டத்தை வச்சு எப்பிடிச் சொல்றது?”

அவர் தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தைதான். ஆனால் எனக்கு அது வழி காட்டிவிட்டது. ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. சரி, அதே கையை நூறு ஆட்டம் ஆடிப் பார்த்தால்?

மே மாத விடுமுறை தொடங்கியது. கூடத்தில் பாயை விரித்தேன். என்னுடைய அந்தப் பதின்மூன்று சீட்டையும் தனியே எடுத்து வைத்தேன். மீதி முப்பத்தொன்பதையும் கலைத்து, முதல் பதின்மூன்றைப் பெரிய அதிகாரியின் கையாகப் போட வேண்டும். அதில் பதினாறிலிருந்து பதினெட்டு பாயிண்ட் இருந்து, ஜாதிகளும் சமமாக வந்தால் மீதியை எதிராளிகள் இருவருக்கும் போட்டு ஆடிப் பார்ப்பது. இல்லையென்றால் திரும்பக் கலைப்பது. கேட்க எளிதாக இருக்கும். இருபது, இருபத்தைந்து தடவை போட்டால் ஒரு தடவைதான் தேறும்.

துணைக்கு என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே பூக்கட்டி விற்று, கணவர் போன பிறகு எங்களோடு இருந்தவர். படிக்கத் தெரியாது, எண்ணச் சொன்னால் தப்பு வராது. பிரிட்ஜைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. சீட்டுக் கலைப்பது மட்டும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. அந்த வருஷத்துப் புளியில் எடுத்த கொட்டை முறம் நிறைய இருந்தது. ஜெயித்த ஆட்டத்துக்கு ஒரு கொட்டை வலப்பக்கக் கிண்ணத்தில், தோற்றதற்கு ஒன்று இடப்பக்கக் கிண்ணத்தில். தேறாத சீட்டுக்கு ஒன்று தரையில்.

காலையில் சமையல் முடிந்ததும் உட்காருவோம். வேர்வையில் சீட்டு விரலில் ஒட்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் தேறும். சில நாள் ஒன்றுகூடத் தேறாது. மாலையில் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு, விரித்த சீட்டை மிதித்துவிடாமல் காலை எட்ட வைத்துத் தாண்டி உள்ளே போவார்.

“இன்னிக்கு எத்தனை?” என்பார்.

சொல்வேன்.

“பரவாயில்லையே,” என்பார். முகம் கழுவப் போய்விடுவார்.

விடுமுறை முடியும்போது நாற்பது ஆட்டம் தேறியிருந்தது. வலப்பக்கக் கிண்ணத்தில் இருபத்தேழு கொட்டை. மூன்றில் இரண்டு பங்கு! நான் கேட்டது சரி, சந்தேகமே இல்லாமல் சரி. வாய்விட்டுச் சிரித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்களே, நான் கூடத்தை அளந்தே காட்டிவிட்டேன்.

நாத்தனார் சிரிக்கவில்லை. தரையில் குவிந்திருந்த கொட்டைகளைக் கையால் அளைந்துகொண்டிருந்தார்.

“ஏத்தா, இங்கிட்டுத் தள்ளுனது இம்புட்டுக் கெடக்கே. இதெல்லாம் எதுக்குத் தள்ளுன?”

“அதுல பதினாறு வரலை அண்ணி. பதினாறு இருந்தாத்தான அவர் அப்பிடிக் கேப்பார்.”

“யாரு சொன்னா?”

“அதான் முறை. முதல் நாளே அவரே எங்கிட்டச் சொன்னாரு.”

“அவரு சொன்னாரு, சரி. யார் கைப் பதினாறு?”

எனக்குப் புரியவில்லை. அவர் தம் வலது கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தடவிக் காட்டினார். அவர் குள்ளம், கை குட்டை.

“கீரமங்கலத்துல நானும் மொழம் போட்டுத்தான் வித்தேன். எனக்கு அடுத்தாப்புல ஒரு நெட்டச்சி ஒக்காந்திருப்பா. அவ மொழமும் மொழந்தான், எம் மொழமும் மொழந்தான். ஆனா வாங்குறவுக சும்மா போவாகளா? ‘ஒங் கைக்கு இன்னொரு சாண் சேத்துப் போடு’ம்பாக. போட்டுத்தான் குடுக்கணும். கையைப் பாக்காம மொழத்தை நம்புனா அது வாங்குறவ தப்பு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. என் மாதம் முழுவதையும் ஒரு வார்த்தையில் கவிழ்த்துவிட்டாரே என்று அவர் மேல்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆறு மாதமாக அந்த மனிதர் கேட்ட நோட்ரம்ப்களில் ஒன்றின் சீட்டையாவது நான் பார்த்திருக்கிறேனா? நான் டம்மி. நான் காப்பிக்குப் போயிருந்தேன். வரும்போது சீட்டு கலைந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு நோட்ரம்ப் என்றார். மேலே கேட்க என் கையில் ஒன்றுமில்லை. சீட்டை விரித்தேன். எழுந்திருக்கவில்லை.

“காப்பி?” என்றார் வக்கீல்.

“அதுக்குச் சம்பளம் வாங்குற ஆள் இருக்காரே, கொண்டுவருவார்.”

பெரிய அதிகாரி புருவத்தைத் தூக்கினார். நான் உட்கார்ந்து, அவர் கையிலிருந்து விழுந்த ஒவ்வொரு படச்சீட்டையும் எண்ணினேன். பதினாலு. அதற்கடுத்த வாரம் பதின்மூன்று. இன்னொரு முறை பதினைந்து. மறுபடி பதினாலு. போட்டிக்கு ஆள் தேர்வதற்குள் ஐந்து முறை அப்படிக் கேட்டார். ஒரே ஒரு முறை பதினாறு இருந்தது. அது தவறி நடந்ததாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டிருந்தது. சாயங்காலங்களில் நானும் நாத்தனாரும் திரும்பப் பாயை விரித்தோம். இந்த முறை அவர் கைக்குப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து என்று வைத்துக்கொண்டோம். சீக்கிரம் தேறியது. நாற்பதில் பதின்மூன்றுதான் வலப்பக்கக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் சொன்னதை நம்பினால் நான் கேட்டது சரி. அவர் கையில் வைத்திருப்பதைப் பார்த்தால் தப்பு. இரண்டையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதினேன். வீட்டுக்காரர் அன்றும் சீட்டைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

ஆள் தேர்கிற கூட்டத்தில் நோட்டை மேஜை மேல் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன்: முதல் பக்கம் இது, இரண்டாம் பக்கம் இது, இடையில் உள்ள வித்தியாசம் மூன்று பாயிண்ட், அந்த மூன்று பாயிண்ட் என் கையில் குறையவில்லை.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். டாக்டர் மேல்கூரையைப் பார்த்தார். பெரிய அதிகாரியின் தவறு வெளிப்பட்டதும் எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய அசடு நான்!

பெரிய அதிகாரிதான் முதலில் சிரித்தார். “லீவு பூரா வீட்டுல ஒக்காந்து என் சீட்டை எண்ணியிருக்காங்க டீச்சரம்மா! பாவம், வேற வேலை இல்ல.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “விளையாட்டுல நம்பிக்கைதாம்மா முக்கியம். ஜோடியைச் சந்தேகப்படுறவங்களோட எப்பிடி எதிர்ல ஒக்காருறது?”

சந்தேகப்பட்டேனா? நம்பியதற்குத்தானே அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினேன்! அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஜோடியாக என் பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது.

“சரிங்க சார்,” என்றார் அவர். என் பக்கம் திரும்பவில்லை.

திருச்சிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் போகவில்லை. வீட்டுக்காரர் பொழுது சாய்கிற நேரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமே சொல்லிற்று. கால் கழுவிக்கொண்டே புலம்பினார்.

“ஒரே ஒரு ஆட்டத்துல போச்சு. அநியாயம். ஐயா ஒரு நோட்ரம்ப்னாரு. எங்கிட்ட ஒம்பது. நான் பேசாம விட்டுட்டேன். சீட்டை விரிச்சா, நிஜமாவே பதினெட்டு வச்சிருக்காரு மனுஷன்! பத்துப் பிடி கெடைச்சுது. போட்டியில ரெண்டு மேஜைக்கும் ஒரே சீட்டுதான்; அந்த மேஜையில அவங்க அதே சீட்டுல மூணு கேட்டு வாங்கிட்டாங்க. வெளியூர்ல, தெரியாதவங்க முன்னால, முறைப்படி கேட்டுருக்காரு. எனக்கு எப்பிடித் தெரியும்? கடைசியில எல்லார் முன்னாலயும், ‘ஜோடி சொல்றதை நம்பணும்யா’ங்கிறாரு.”

“ஒம்பது இருந்துச்சே. ஏன் கேக்கலை?”

“வழக்கமா ரெண்டு கழிச்சுக்குவோம்ல.”

சொம்பைக் கீழே வைத்தேன்.

“கழிச்சுக்குவோம்னா? யாரு?”

அவருக்கு அப்போதுதான் தாம் சொன்னது தெரிந்தது. துண்டால் காலைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கால்.

“எல்லாருந்தான். வக்கீல், டாக்டர், முன்னாடி ஜோடியா இருந்தவரு… ஐயா கேட்டா ரெண்டு, சமயத்துல மூணு கழிச்சுக்கிறது. வந்து ரெண்டு வாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“எனக்குத் தெரியலையே.”

“ஒனக்கு யாரும் சொல்லலை.”

“நீங்க?”

அவர் துண்டை மடித்தார். “ஒங்கிட்டச் சொன்னா நீ சபையில எந்திரிச்சுக் கேட்டுடுவ. அவரு கையில என் மாற்றல் இருக்கு.”

அடுக்களை வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆயிரம் தடவை சீட்டுப் போட்டேன். விரல் நுனி தேயத் தேயப் போட்டேன். அந்த மேலதிகாரி ஏமாற்றினார், அது அவர் குணம். ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு சிரித்தது, அது ஊரின் குணம். ஆனால் இந்த மனிதர் விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் முழுக்க, தினமும் என் சீட்டுகளைத் தாண்டித் தாண்டிப் போய், ‘இன்னிக்கு எத்தனை?’ என்று கேட்டிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

சில வாரம் கழித்து வக்கீல் வீட்டுக்கே வந்தார். “ஐயா ஒங்களையே திரும்ப வரச் சொல்றாரும்மா. நம்பிக் கேக்குறவங்க நீங்கதானாம்.”

“வாரேன். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் சீட்டைக் கலைக்காம எல்லாரும் எண்ணிப் பாக்கணும். நான் டம்மியானா எந்திரிக்க மாட்டேன்.”

அவர் யோசித்தார். “ரெண்டாவது பரவாயில்லைம்மா. முதலாவது மரியாதையா இருக்காதே.”

நான் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிளப் படியையே மிதிக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில், என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையிலிருந்து கடிதம் எழுதினாள். அவள் வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அட்டையில் துளை போட்டுக் கணக்கைக் கொடுத்தால் விடை சொல்லுமாம். ‘டீச்சர், உங்களிடம் ஏதாவது நல்ல கணக்கு இருந்தால் அனுப்புங்கள், ஓய்வு நேரத்தில் போட்டுப் பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். எனக்கு வேறென்ன கணக்கு தோன்றும்? இஸ்பேட் ராஜா, டைமன் ஆஸ், ராணி என்று என் பதின்மூன்று சீட்டையும் எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. மெஷினுக்குச் சீட்டு ஆடத் தெரியாது, ஆனால் ஆயிரக்கணக்கில் சீட்டுப் போட்டு எண்ணச் சொல்லலாம் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: ‘ஆனால் அதற்கு எல்லாவற்றையும் நாம்தான் சொல்லித் தரவேண்டும் டீச்சர். எதிரில் இருப்பவர் ஒரு நோட்ரம்ப் என்றால் அவர் கையில் குறைந்தது எத்தனை என்று வைத்துக்கொள்ளச் சொல்லட்டும்? நாம் சொல்வதை அது அப்படியே நம்பிவிடும்.’

கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார். யார் மாற்றலும் யார் கையிலும் இல்லை.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“பதினாறுன்னு எழுதிடாத,” என்றார். “பதினாலுன்னு எழுது. சமயத்துல பதிமூணு.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! பத்து வருஷம் கழித்து, சென்னையில் இருக்கும் ஒரு மெஷின் ஏமாந்துவிடக் கூடாதே என்று அத்தனை அக்கறை. அது சபையில் எழுந்து கேட்காது அல்லவா.

நான் பேனாவைத் திறந்து பதினாலு என்று எழுதினேன். எனக்கு யாராவது எழுதியிருக்கலாம்.